சிங்கி இறால் பிடிப்பில் மாதிரி எடுப்பு: ஆய்வைத் திட்டமிடும் முறை

சிங்கி இறால் மீன்பிடிக்கான மாதிரி எடுப்புத் திட்டம் ஒன்றை யாராவது என் கையில் கொடுத்தால், ‘ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் இறால் அளக்கப்படும்’ என்ற வரியில் நான் நிற்பதில்லை. அந்த இறால்கள் எல்லாம் எத்தனை படகுப் பயணங்களிலிருந்து வரப்போகின்றன என்பதைத்தான் முதலில் தேடுவேன். பத்தாயிரம் இறாலைப் பதினைந்தே பயணங்களில் அளந்துவிட்டு வருகிற ஆய்வைவிட, அறுபது பயணங்களில் மூவாயிரம் அளக்கிற ஆய்வு அந்த மீன்பிடியைப் பற்றி அதிகம் சொல்லும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான். ஏன் என்பது கீழே கணக்கோடு வருகிறது.

அதற்கு முன்னால் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிடிபடும் இறாலின் நீளப் பரவல் வேண்டுமா? ஆண் பெண் விகிதமா? சட்ட அளவுக்குக் கீழே எவ்வளவு பிடிபட்டுத் திரும்பக் கடலில் விடப்படுகிறது என்பதா? பெண்கள் எந்த நீளத்தில் முதிர்கின்றன என்பதா? ஒவ்வொன்றுக்கும் ஆய்வின் வடிவம் மாறும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆய்வு என்றால் பெரும்பாலும் எதற்கும் சரியான விடை கிடைக்காது. ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்றவை கூடவே கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். அந்த முதன்மைக் கேள்விக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் எண்ணில் எழுதிவிடுங்கள். ‘சராசரி நீளம், கூடக்குறைய 2 மில்லிமீட்டருக்குள்’ என்பதுபோல. இந்த எண் இல்லாமல் பயணங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வழியே இல்லை.

கரையிலா, கடலிலா?

கரையில் அளப்பது மலிவு. ஒரே காலையில் பல படகுகளைப் பார்த்துவிடலாம். ஆனால் கரைக்கு வருவது விற்கக்கூடியவை மட்டுமே. சின்னவையும், முட்டை சுமக்கும் பெண்களும், அந்தந்த ஊர்ச் சட்டம் தடுக்கிற மற்றவையும் கடலிலேயே விடப்பட்டிருக்கும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் சிறிய அளவுக்கு மட்டுமல்ல, பெரிய அளவுக்கும் வரம்பு உண்டு; முட்டை சுமந்தபோது பிடிபட்டு, அடையாளமாக வால் துடுப்பில் ‘வி’ வடிவ வெட்டுப் போட்டு விடப்பட்ட பெண்களும் தொடக்கூடாதவை. ஆகவே கரையில் எடுத்த நீளப் பரவலை வைத்து ‘குட்டிகள் குறைந்துவிட்டன’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. குட்டிகள் அந்தத் தரவில் என்றைக்குமே இருந்ததில்லை.

கரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: தரம் பிரிப்பு. வியாபாரி பெரியவற்றை ஒரு கூடையிலும் சின்னவற்றை இன்னொன்றிலும் போட்டுவிட்ட பிறகு நீங்கள் போனால், கைக்கு எட்டிய கூடையை அளக்காதீர்கள். ஒவ்வொரு தரத்தின் மொத்த எடையையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சிலவற்றை அளந்து, எடை விகிதப்படி பெருக்கிச் சேர்க்க வேண்டும். பிரிக்கும் முன்பே போய்விட முடிந்தால் அது இன்னும் நல்லது.

கடலில் படகோடு போனால், இறால் பிடிக்க இறக்கும் கூண்டில் ஏறியது அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். செலவு அதிகம், வானிலை கெடுத்தால் நாள் போய்விடும், எல்லாப் படகிலும் ஓர் ஆளுக்கு இடம் இருக்காது. மூன்றாவது வழி, மீனவர்களே அளப்பது. நியூசிலாந்தில் இது நன்றாகவே நடக்கிறது: திட்டத்தில் சேர்ந்த மீனவர் தன் கூண்டுகளில் நான்கைந்துக்கு அடையாளம் கட்டி வைத்து, அவற்றில் ஏறுவதை மட்டும் ஒவ்வொரு முறையும் முழுதாக அளந்து எழுதுகிறார். ஒரு பயணத்துக்குச் சில இறால்தான். ஆனால் பயணங்கள் ஏராளம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

கணக்கு எங்கே நிற்கிறது

ஒரே பயணத்தில் பிடிபட்ட இறால்கள் ஒன்றுக்கொன்று அந்நியம் அல்ல. ஒரே பாறைப் பகுதி, ஒரே ஆழம், ஒரே இரை, ஒரே வாரம். அதனால் அவற்றின் நீளமும் பாலினமும் கொஞ்சம் ஒத்துப்போகும். இந்த ஒத்துப்போதலை எண்ணாக்கினால் அதற்கு உள்ளொட்டுறவு என்று பேர். அது 0.1 என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிகச் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு பயணத்தில் m இறால் அளந்தால், அது தனித்தனியாக எடுத்த எத்தனை இறாலுக்குச் சமம் என்று பார்க்க, m-ஐ 1 + (m − 1) × 0.1 என்பதால் வகுக்க வேண்டும்.

30 அளந்தால், 7.7 இறாலுக்குச் சமம். 100 அளந்தால் 9.2. 200 அளந்தால் 9.6. நாள் முழுக்கக் குனிந்து நின்று எத்தனை அளந்தாலும் அந்தப் பயணம் 10-ஐத் தாண்டாது. அதே 200 இறாலை நான்கு பயணங்களில் ஐம்பது ஐம்பதாக அளந்தால், ஒவ்வொன்றும் 8.5, மொத்தம் 34. அளக்கும் உழைப்பு அதேதான், தகவல் மூன்று மடங்குக்கு மேல். நூறுக்குப் பிறகு அளக்கிற ஒவ்வொரு இறாலும் உங்கள் முதுகுவலிக்கு மட்டுமே கணக்கு என்று நான் சொல்வதை மிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஒரு பயணத்துக்கு எத்தனை? அதற்கும் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு பயணத்தின் செலவை ஓர் இறாலின் செலவால் வகுத்து, அதை (1 − உள்ளொட்டுறவு) ÷ உள்ளொட்டுறவு என்பதால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். செலவைப் பணத்தில் கணக்கிட வேண்டும் என்றில்லை, நிமிடத்தில் வைத்தாலே போதும். கடல் பயணத்துக்கு 600 நிமிடம், ஓர் இறாலை அளந்து எழுத 1 நிமிடம், உள்ளொட்டுறவு 0.1 என்றால் விடை சுமார் 73. கரையில் ஒரு படகுக்குப் போய்வர 60 நிமிடம் என்றால் விடை 23. போய்ச் சேருவது மலிவான இடத்தில் கொஞ்சம் அளந்துவிட்டு அடுத்த படகுக்கு நகர வேண்டும்; போய்ச் சேரவே நாளாகும் இடத்தில் கூடுதலாக அளக்கலாம். உள்ளொட்டுறவு 0.3 ஆக இருந்தால் கடல் பயணத்துக்கே 37 போதும்.

பயணங்களின் எண்ணிக்கைக்கு வருவோம். ஒவ்வொரு பயணத்தின் சராசரி நீளத்தையும் ஒரு புள்ளியாக எடுத்து, அந்தப் புள்ளிகளின் திட்ட விலக்கத்தை, அதாவது அவை தங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைப் பாருங்கள். அது 6 மில்லிமீட்டர் என்றால், 95 சதவீத நம்பிக்கையில் கூடக்குறைய 2 மில்லிமீட்டருக்குள் வர 35 பயணங்கள் வேண்டும். 1 மில்லிமீட்டருக்குள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் 139. துல்லியத்தை இரண்டு மடங்காக்க உழைப்பு நான்கு மடங்காகும் என்பதை அவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே சொல்லுங்கள். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

அடுக்காகப் பிரிப்பது

கடலை ஒரே துண்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆழம், பகுதி, பருவம் என்று பிரித்தால், ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் பயணங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், மொத்த மதிப்பீடு கூர்மையாகும். சிங்கி இறாலில் இதற்கு நல்ல பலன் உண்டு. பல இனங்களில் பெரியவை ஆழத்தில், சின்னவை கரையோரத்தில். ஓடு கழற்றும் பருவம் முடிந்ததும் ஒரு கூட்டமே சட்ட அளவைத் தாண்டி ஒரே நேரத்தில் பிடிப்புக்குள் வரும். முட்டை சுமக்கும் காலத்தில் பெண்கள் கூண்டுக்கு வருவது குறையலாம். பிப்ரவரியில் எடுத்ததையும் ஆகஸ்டில் எடுத்ததையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் இது எதுவும் தெரியாது.

எந்த அடுக்குக்கு எத்தனை பயணம்? 1934-இல் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் காட்டிய வழியே இன்றைக்கும் வழி: அடுக்கின் அளவையும் அதற்குள் உள்ள திட்ட விலக்கத்தையும் பெருக்கி, அந்த விகிதத்தில் பங்கிடுங்கள். கரையோரத்தில் ஆண்டுக்கு 800 பயணம், விலக்கம் 4 மில்லிமீட்டர். ஆழத்தில் 200 பயணம், விலக்கம் 12. உங்களிடம் 70 பயணத்துக்கு வழி இருக்கிறது. எண்ணிக்கைப்படி பிரித்தால் 56, 14. நெய்மன் வழியில் 40, 30. ஆழத்துப் பயணங்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபடுவதால் அங்கேதான் உழைப்பைக் கொட்ட வேண்டும். ஓர் ஆழத்துப் பயணம் கரையோரப் பயணத்தைவிட நான்கு மடங்கு இறாலைக் கொண்டுவருகிறது என்றால், அளவு என்ற இடத்தில் பயண எண்ணிக்கைக்குப் பதில் பிடிப்பையே வையுங்கள்.

ஆசைப்பட்டு அதிகம் பிரித்துவிடாதீர்கள். நான்கு பகுதி, பன்னிரண்டு மாதம், மூன்று ஆழம் என்றால் 144 கட்டங்கள். உங்கள் 70 பயணத்தில் பாதிக்கு மேல் கட்டங்கள் காலியாகவே கிடக்கும், மீதியில் ஒவ்வொன்றுதான் விழும். ஓர் அடுக்கில் இரண்டு பயணமாவது இல்லையென்றால் அதன் மாறுபாட்டைக் கணக்கிடவே முடியாது. இரண்டு பகுதி, மூன்று பருவம் போதுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

எந்தப் படகு, எந்த நாள்

இங்கேதான் பல நல்ல திட்டங்கள் ஓட்டையாகின்றன. நமக்கு இடம் கொடுக்கிற படகுக்காரர் யார்? நட்பானவர், பெரிய படகு வைத்திருப்பவர், அநேகமாக நன்றாகப் பிடிப்பவர். அவரோடே திரும்பத் திரும்பப் போனால் அவருடைய பாறைகளைப் பற்றி நுணுக்கமாகத் தெரிந்துகொள்வோம், மீன்பிடியைப் பற்றி அல்ல. இந்தச் சாய்வைப் பயணங்களைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. நூறு முறை போனாலும் அதே சாய்வுதான்.

உரிமம் உள்ள படகுகளின் பட்டியலை எடுங்கள். அடுக்குவாரியாகக் குலுக்கிப் போட்டு, வரும் வரிசையில் கேளுங்கள். முடியாது என்பவரின் பெயருக்கு எதிரே ‘மறுப்பு’ என்று எழுதி, காரணத்தையும் எழுதி, அடுத்தவரிடம் போங்கள். ஆண்டு முடிவில் மறுத்தவர்களின் படகு நீளம், கூண்டு எண்ணிக்கை, இறக்கிய பிடிப்பு ஆகியவற்றை ஒப்புக்கொண்டவர்களோடு ஒப்பிட்டால், மாதிரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். இந்த மறுப்புப் பட்டியலை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் வைத்திருங்கள், பின்னால் தரவை நம்பலாமா என்று யாராவது சந்தேகப்பட்டால் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

நாளையும் குலுக்கலிலேயே எடுங்கள். வானிலை கெட்டால் ‘அடுத்த நல்ல நாள்’ என்று விதி வைத்துக்கொள்ளுங்கள், ‘எனக்கு வசதியான நாள்’ என்று வேண்டாம்.

மேல்தளத்தில் நடப்பது

படகில் ஏறியதும் அளக்க வேண்டியதை இறாலாகப் பொறுக்காதீர்கள், கூண்டாக எடுங்கள். ஒரு கூண்டைத் தேர்ந்தால் அதில் இருப்பது அனைத்தையும் அளக்க வேண்டும். காலிக் கூண்டு வந்தால் பூஜ்ஜியம் என்று எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் கூண்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு ஊதிப்போகும். தேர்வை நாள் முழுக்கப் பரப்புங்கள். காலையிலேயே எழுபதை அளந்துவிட்டு உட்கார்ந்துவிட்டால், முதலில் தூக்கிய ஆழம்குறைந்த இடம் மட்டும்தான் உங்கள் தரவில் இருக்கும்.

ஒரு படகில் 180 கூண்டு, கூண்டுக்குச் சராசரி இரண்டு இறால் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்றை எடுத்தால் 36 கூண்டு, 72 இறால். மேலே வந்த 73-க்கு அருகில். முதல் கூண்டை ஒன்று முதல் ஐந்துக்குள் குலுக்கித் தேர்ந்து, அப்புறம் ஐந்தைந்தாகப் போங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கூண்டுகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக ஒரே கயிற்றில் கோத்து இறக்கும் படகில் நான்கில் ஒன்று என்று எடுக்காதீர்கள். பன்னிரண்டு நான்கால் வகுபடுவதால் ஒவ்வொரு சரத்திலும் அதே இடத்துக் கூண்டுகளே வந்து விழும். சரத்தின் முனைக் கூண்டும் நடுக் கூண்டும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. ஐந்து என்றால் இடம் மாறிக்கொண்டே போகும்.

இனி அளப்பது. கையில் எடுக்கும்போது முதுகோட்டை, அதாவது தலையையும் மார்பையும் மூடியிருக்கும் ஓட்டைப் பிடியுங்கள். உணர்கொம்பைப் பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும், அந்த இறாலைக் காயப்படுத்தித்தான் திரும்ப விடுவீர்கள். நகக்கால் (கவ்வும் பெரிய முன்கால்) இல்லாத முள் சிங்கியில், கண்களுக்கு மேலே நீட்டியிருக்கும் இரண்டு கொம்புகளின் அடிவாரத்துக்கு நடுவிலிருந்து, முதுகோட்டின் பின்விளிம்பு வரை, நடுக்கோட்டில் அளக்க வேண்டும். கொம்பின் நுனியிலிருந்து அல்ல. பெரிய நகக்கால் உள்ள இனத்தில் கண்குழியின் பின்விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும், நடுக்கோட்டுக்கு இணையாக. பின்விளிம்பில்தான் கவனம் தேவை: இறால் வாலை அடிக்கும்போது வெர்னியர் அளவியின் தாடை ஓட்டைத் தாண்டி வாலுக்கு முன்னுள்ள மெல்லிய தோலுக்குள் இறங்கிவிடும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். வால் அடங்கும்வரை ஒரு கணம் காத்திருந்து, தாடை ஓட்டின் விளிம்பில் தட்டுவதை விரலால் உணர்ந்துவிட்டு வாசியுங்கள். 82.7 என்றால் 82 என்று எழுதுங்கள்; கீழ்நோக்கிய முழு மில்லிமீட்டர் என்பதை எல்லாரும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். எழுதுபவர் எண்ணைத் திரும்பச் சொல்ல வேண்டும். எஞ்சின் சத்தத்தில் எழுபத்தாறும் எண்பத்தாறும் எளிதில் மாறிப்போகும்.

சட்டம் எதை அளக்கிறதோ அதையும் சேர்த்து அளங்கள். நியூசிலாந்தில் சட்ட அளவு முதுகோட்டு நீளத்தில் இல்லை, வாலின் அகலத்தில் இருக்கிறது. பொதுவான அளவு ஆணுக்கு 54 மில்லிமீட்டர், பெண்ணுக்கு 60. அங்கே முதுகோட்டை மட்டும் அளந்து வந்தால் எத்தனை சட்டத்துக்குட்பட்டவை என்றே சொல்ல முடியாது.

பாலினத்துக்குக் கீழே திருப்பிப் பார்த்தால் போதும். பெண்ணின் இனப்பெருக்கத் துளை மூன்றாவது நடைக்கால் அடியில், ஆணுக்கு ஐந்தாவதில். முள் சிங்கியில் முதிர்ந்த பெண்ணின் கடைசிக் காலில் சின்னக் கவ்வி போன்ற நுனியும் இருக்கும். முட்டை இருந்தால் அதன் நிறம், ஓடு மென்மையா கடினமா, எந்த ஆழம், கூண்டு எத்தனை இரவு தண்ணீரில் கிடந்தது, கூண்டில் குட்டிகள் தப்பும் திறப்பு இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டையும் எழுதாத தாளை நான் அரைத்தாள் என்றே சொல்வேன். மூன்று இரவு கிடந்த கூண்டும் ஓர் இரவு கிடந்த கூண்டும் ஒன்றல்ல. தப்பும் திறப்புள்ள கூண்டில் குட்டிகள் நிற்பதில்லை. குட்டிகளைத்தான் பார்க்க வேண்டும் என்றால், மெயின் முதல் தெற்கே பல அமெரிக்க மாநிலங்கள் சேர்ந்து 2006 முதல் செய்கிறதுபோல, ஆழ அடுக்குவாரியாகக் குலுக்கித் தேர்ந்த இடங்களில் திறப்பில்லாத கூண்டுகளையும் இறக்கித் தனி ஆய்வு நடத்த வேண்டும். மீனவரின் பிடிப்பிலிருந்து அந்த விடையைக் கசக்கிப் பிழிய முடியாது.

அளப்பதை மீனவர் தன் அளவுகோலை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அவர் ‘சைஸ்’ என்று சொன்ன பிறகு எல்லைக்கோட்டில் உள்ள இறாலை நம் கை கொஞ்சம் தாராளமாக வாசிக்கும். கரைக்கு வந்ததும் அளவுகளின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். பூஜ்ஜியமும் ஐந்தும் மேலே நிற்கின்றனவா? யாரோ கண்மதிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

முதல் ஆண்டுக்கு முன்பே ஒத்திகை

மேலே நான் சொன்ன 0.1, 6 மில்லிமீட்டர் எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் மீன்பிடியின் எண்கள் உங்கள் தரவிலிருந்தே வர வேண்டும். பழைய தரவு கொஞ்சமாவது இருந்தால் அதைக் கணினியில் மறுபடி மாதிரி எடுத்துப் பாருங்கள்: பயணங்களைத் திரும்ப வைத்து எடுக்கும் முறையில் குலுக்கி, இருபது பயணம் என்றால் பிழை எவ்வளவு, நாற்பது என்றால் எவ்வளவு, பயணத்துக்கு முப்பது இறால் என்றால், நூறு என்றால் என்று ஆயிரம் முறை ஓட்டுங்கள். குலுக்க வேண்டியது பயணங்களை. தனித்தனி இறாலைக் குலுக்கினால் பிழை பொய்யாகச் சிறுத்துக் காட்டும். இருப்பை, அதாவது கடலில் எவ்வளவு இறால் இருக்கிறது என்பதை மதிப்பிடும் கணித மாதிரிக்குத் தரவைக் கொடுக்கும்போதும் இதே கதைதான். அளந்த ஆயிரக்கணக்கை அப்படியே கொடுத்தால் அந்தக் கணித மாதிரி நீளப் பரவலை அளவுக்கு மீறி நம்பும். பயண மட்டத்தில் கணக்கிட்ட பயனுறு எண்ணிக்கையை, அதாவது தனித்தனியாக எடுத்த எத்தனை இறாலுக்குச் சமம் என்பதைக் கொடுங்கள்.

பழைய தரவே இல்லையென்றால் முதல் பருவத்தை முன்னோட்டமாக வைத்து, பயணங்களை அடுக்குகளில் சமமாகப் பரப்பி நடத்திவிட்டு, பிறகு பங்கீட்டைத் திருத்துங்கள்.

திருத்தலாம், ஆனால் முறையையே மாற்றும்போது அவசரம் வேண்டாம். கரையில் அளந்து வந்ததைக் கடலுக்கு மாற்றுவதென்றால் குறைந்தது ஒரு முழுப் பருவம் இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். இல்லையென்றால் சராசரி நீளம் 3 மில்லிமீட்டர் குறைந்ததற்கு இருப்பு காரணமா, நம் மாற்றம் காரணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பணம் குறையும் ஆண்டும் வரும். அப்போது முதலில் வெட்ட வேண்டியது ஒரு பயணத்தில் அளக்கும் இறால் எண்ணிக்கையை. அடுத்து, இறாலைத் தனித்தனியாக எடை போடுவதுபோன்ற கூடுதல் அளவுகளை; நீளத்திலிருந்து எடையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அப்புறம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அடுக்குகளை ஒன்றாக்கலாம். இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால் மட்டும் பயணங்களைத் தொடுங்கள், அதிலும் எந்த அடுக்கும் இரண்டுக்குக் கீழே இறங்காமல்.